பெரிய பூரானைத் தேடும்போது

பெரிய பூரானின் உடலில் ஈரம் சீக்கிரம் வற்றிவிடும். அதனால் பகலில் மக்கிய கட்டைக்கோ கல்லுக்கோ அடியில்தான் கிடக்கும். மழை விட்ட இரவில் டார்ச் அடித்துத் தேடினால் வெளியிலேயே பார்க்கலாம். கட்டையைப் புரட்டுவதானால் கை வேண்டாம். கொக்கிக் கம்பால் எதிர் விளிம்பை உங்கள் பக்கமாகத் தூக்குங்கள். திறப்பு அந்தப் பக்கம் இருந்தால் பூரான் உங்களை விட்டு விலகி ஓடும்.

சரி, பூரான்தானா? கணுவுக்கு ஒரு ஜோடிக் கால் என்றால் பூரான், இரண்டு ஜோடி என்றால் மரவட்டை. பெரிய பூரான்கள் அடங்கிய ஸ்கோலோபென்ட்ரா பேரினத்தில் பெரும்பாலும் 21 ஜோடிக் கால்கள், தலையின் ஒவ்வொரு பக்கமும் நான்கு சிறு கண்கள். ஓடுகிற பூரானின் காலை யார் எண்ணுவது? மேலிருந்து ஒரு போட்டோ எடுத்து அப்புறம் நிதானமாக எண்ணுங்கள். நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், ஒரே இனத்திலேயே பல நிறங்கள் உண்டு.

கடைசி ஜோடிக் கால்கள் நீண்டு உணர்கொம்பு போலவே இருப்பதால் தலை எது, வால் எது என்று குழம்பும். விஷக் கொடுக்கு தலைக்கு அடியில். 30 சென்டிமீட்டர் வரை வளரும் தென் அமெரிக்கப் பூரானுக்கும் அப்படித்தான்.

பார்த்து முடித்ததும், பூரான் நகர்ந்த பிறகு கட்டையை இருந்தபடியே வையுங்கள்.