கூடி அமர்ந்து கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறிது நேரம் மூச்சைக் கவனித்து அமைதியாக அமர்வது, பிறகு ஒருவர் மனம்விட்டுப் பேச மற்றவர்கள் கருணையோடு கேட்பது. வியட்நாமியத் துறவி திக் நாட் ஹான் 1982இல் பிரான்சில் தொடங்கிய பிளம் வில்லேஜ் மடத்தின் வழியாக உலகின் பல ஊர்களுக்குப் பரவிய பயிற்சி இது. பேச விரும்புபவர் கைகூப்புவார். மற்றவர்களும் கைகூப்பி இடம் கொடுப்பார்கள். அவர் பேசி முடித்து மீண்டும் கைகூப்பும்வரை யாரும் குறுக்கிடுவதில்லை. விதி எளியதுதான். ஆனால் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கத்தில் பத்துப் பேர் கூடினால் அவர்களில் பாதிப் பேர் உறவினர்களாக இருப்பார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

பெரும்பாலும் நடக்கும் தவறு, உடனே ஆறுதலோ அறிவுரையோ சொல்வது. ஓர் ஆச்சி, தன் மகன் சிங்கப்பூரிலிருந்து பேசிப் பல நாட்கள் ஆகிவிட்டன என்கிறார். அவர் முடிப்பதற்குள் "அவனுக்கு வேலை அதிகமாக இருக்கும் ஆச்சி, நீங்களே கூப்பிட்டுப் பேசுங்கள்" என்று ஒரு குரல் எழும். ஆச்சி கூப்பிடாமலா இருந்திருப்பார்? அதற்குமேல் அவர் பேசமாட்டார். சொன்னவர் நல்லவர்தான்; ஆனால் அந்த அறிவுரையால் தணிந்தது ஆச்சியின் துயரமல்ல, அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாத, அறிவுரை சொன்னவருடைய தவிப்பு.

மூச்சுப் பயிற்சி உண்மையில் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். உடல், உணர்ச்சி, மனம், மனத்தில் தோன்றும் பொருள்கள் என நான்கையும் விழிப்போடு கவனிக்கச் சொன்னார் புத்தர். பிறர் துயரைக் கேட்கும்போது நம் நெஞ்சு இறுகுவதையும் நாக்கு துடிப்பதையும் கவனித்து மூச்சுக்குத் திரும்பினால், பேசவேண்டும் என்ற வேகம் அடங்கும். கண்மூடி அமர்வது ஒரு பயிற்சி, கேட்பது வேறொரு பயிற்சி என்று பிரித்து வைத்துக்கொள்பவர்கள் இரண்டையும் இழக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

அடுத்த தவறு, திருத்துவது. பூர்விக வீட்டின் பங்கு குறித்து ஒருவர் மனக்குறையைச் சொல்லும்போது எதிரே அமர்ந்திருப்பவர் அவருடைய பங்காளியாகவே இருக்கக்கூடும். "அப்படி நடக்கவில்லை, அன்றைக்கு நானும் இருந்தேன்" என்று சொல்ல வாய் துடிக்கும். சொல்லிவிட்டால் கூட்டம் பஞ்சாயத்தாக மாறிவிடும். பேசுபவர் தவறாகவே புரிந்துகொண்டிருந்தாலும் அந்த நேரத்தில் திருத்தக்கூடாது என்பது திக் நாட் ஹான் வலியுறுத்திய பாடம். அப்போது கேட்பதன் நோக்கம், அவருடைய துன்பம் குறைய இடம் தருவது ஒன்றுதான். விவரத்தை வேறொரு நாள், அவர் மனம் ஆறிய பிறகு, சிறிது சிறிதாகச் சொல்லலாம்.

கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் "அவர் சொந்த அண்ணன், அவருக்குத் தெரிந்தால் என்ன?" என்று உறவைக் காரணம் காட்டி விதியைத் தளர்த்திவிடுகிறோம். உறவு நெருங்க நெருங்க விதி இறுக வேண்டும். இன்னொன்றும் உண்டு: மறுநாள் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ அவரைப் பார்த்து, "நேற்றுச் சொன்னீர்களே, அது என்ன ஆயிற்று?" என்று நாலு பேர் நடுவில் விசாரிப்பது. அக்கறையில் கேட்டாலும் அதுவும் வெளியிடுவதுதான். அதைப் பற்றிப் பேசலாமா என்று தனியாக அவரிடமே முதலில் அனுமதி கேட்க வேண்டும்.

விருந்தோம்பலால் வரும் தவறு நம் பகுதிக்கே உரியது. வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், எல்லோரும் வட்டமாக அமர்ந்திருக்க, அந்த வீட்டு ஆச்சி மட்டும் அடுப்படியில் வெள்ளைப் பணியாரம் சுட்டுக்கொண்டிருப்பார். நடுவில் காப்பி வரும். பேசிக்கொண்டிருந்தவரின் சொல் அறுந்துபோகும். யாருடைய பேச்சை முதலில் கேட்க வேண்டுமோ அவர் கடைசிவரை வட்டத்துக்குள் வரவே மாட்டார். ஆகவே கூட்டத்துக்கு முன் தண்ணீர் மட்டும் போதும் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பலகாரம் வேண்டுமென்றால் எல்லோரும் ஆளுக்கொன்று கொண்டுவந்து முடிந்தபின் சாப்பிடலாம்.

வயதுக்கும் வசதிக்கும் ஏற்ப இடம் ஒதுக்குவதையும் விட்டுவிடுங்கள். தரையில் உட்கார முடியாதவருக்கு நாற்காலி கொடுப்பது வேறு. பெரியவர் ஒருவரே நீளமாகப் பேசினால் வட்டத்தை நடத்துபவர் மெல்ல மணியை ஒலிக்கலாம்; மணி ஒலித்தால் பேசுபவர் உட்பட எல்லோரும் மூச்சுக்குத் திரும்ப வேண்டும் என்பது முறை என்பதால் மரியாதைக் குறைவாகத் தோன்றாது.

முதியவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1942இல் பர்மாவிலிருந்து குடும்பம் நடந்தே வந்து சேர்ந்த கதை சில வீடுகளில் எல்லோருக்கும் மனப்பாடம். "இதை முன்பே சொன்னீர்களே அப்பத்தா" என்று நிறுத்திவிடாதீர்கள். கதை தெரியும் என்பதால் சம்பவத்தை விட்டுவிட்டு, இன்று எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறது என்று கவனிக்க முடியும்.

இந்த வட்டம் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. ஒருவர் வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால் கேட்டுவிட்டுக் கலைந்து போகக்கூடாது. அவரைத் தனியே விடாமல் துணையிருந்து, 14416 என்ற டெலிமானஸ் (அரசின் தொலைபேசி மனநல உதவி) இலவச எண்ணை அழைத்து, மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

கேட்பவருக்கும் எல்லை உண்டு. சொந்த வீட்டில் சச்சரவு நடந்த நாளில், கோபம் தணியாமல், பிறர் துயரைக் கேட்க உட்காராதீர்கள். "இன்று என்னால் நன்றாகக் கேட்க முடியாது, வியாழக்கிழமை வருகிறேன்" என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை கட்டாயம் போங்கள்.