காந்தம் ஒட்டாத எவர்சில்வரும் கண்ணாடி அடுப்பும்: புதிதாகக் குடிவருபவர்களுக்கு

வாடகை ஒப்பந்தம், முன்பணம், மின் இணைப்பில் பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு வீட்டு முகவரே வழிகாட்டிவிடுவார். சுவரிலும் தரையிலும் ஏற்கெனவே இருக்கும் கீறல்களைப் படமெடுத்து, சாவி வாங்கும் நாளிலேயே அனுப்பி வைத்துவிடுங்கள். ஆனால் சமையலறையில் பதித்திருக்கும் கறுப்புக் கண்ணாடி அடுப்பு எந்த வகையைச் சேர்ந்தது என்பதை, நீங்கள் கேட்டாலொழிய யாரும் சொல்ல மாட்டார்கள். பாத்திரங்களைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கண்ணாடிக்கு அடியில் கம்பிச்சுருள் பழுத்துச் சூடேறும் அடுப்பும், இண்டக்‌ஷன் அடுப்பும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். முன்னதில் எந்தப் பாத்திரத்தையும் வைக்கலாம். பின்னதில் காந்தத்தை ஈர்க்கும் அடிப்பாகம் இருந்தால்தான் வேலை நடக்கும். பாத்திரம் எதுவும் வைக்காமல் அடுப்பைப் போட்டுப் பாருங்கள். சிறிது நேரத்தில் கண்ணாடிக்குக் கீழே சிவப்பாகத் தெரிந்தால் அது முதல் வகை. சூடேறாமல், ஏதேனும் குறியீட்டைக் காட்டிவிட்டுத் தானே அணைந்துவிட்டால் அது இண்டக்‌ஷன்.

என் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு வந்தபோது, பெட்டி எடையில் பெரும்பகுதியைப் பாத்திரங்களுக்கே ஒதுக்கியிருந்தார். "சுத்தமான ஸ்டீல், எந்த அடுப்பிலும் வைக்கலாம்" என்று உறுதி சொல்லி விற்றிருந்தார்கள். இங்கே ஒன்றுகூடச் சூடாகவில்லை. அடுப்புதான் பழுதென்று ஆளை வரவழைத்தார். வந்தவர் ஒரு காந்தத்தைப் பாத்திரத்தின் அடியில் வைத்து, அது நழுவி விழுவதைக் காட்டிவிட்டு, வந்து போனதற்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு போனார். பாத்திரமே தொழிலாக இருப்பவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது என்பதால், விற்றவர்மீது எனக்கு இன்றும் கோபம் தீரவில்லை.

காந்தம் ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் எவர்சில்வர் என்று சோதித்து வாங்கியே பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம்தான் இண்டக்‌ஷன் அடுப்பின் முன்னால் நம்மைக் கைவிடுகிறது. எஃகில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் சேர்ந்தால் அது துருவை எதிர்க்கத் தொடங்குகிறது. குரோமியம் மட்டும் சேர்ந்த 430 என்ற தரத்தில் காந்தம் நன்றாகவே ஒட்டும். சுமார் 18 விழுக்காடு குரோமியத்தோடு 8 விழுக்காடு நிக்கலும் சேரும்போது, இரும்பு அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறி, எஃகு காந்த ஈர்ப்பை இழந்துவிடுகிறது. 18/8 என்று முத்திரையிடப்படும் 304 தரம் இதுதான். நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிச் செய்யும் மலிவான 200 வரிசை எஃகிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே காந்தத்தை வைத்துத் தரத்தை எடைபோட முடியாது. அடுப்புக்குப் பொருந்துமா என்பதை மட்டுமே அது சொல்லும்.

அதற்கும் காந்தத்தை வைக்கும் இடம் முக்கியம். 304 தகட்டை அழுத்தி, இழுத்துப் பாத்திரமாக்கும்போது, வளைந்த விளிம்பிலும் மூலையிலும் உலோகத்தின் அமைப்பு ஓரளவு மாறி, அங்கே மட்டும் லேசான ஈர்ப்பு வந்துவிடும். விளிம்பில் காந்தம் மெல்லத் தொற்றிக்கொண்டதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியின் நடுவிலும் ஓரங்களிலும் தனித்தனியாக வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் சட்டென்று இழுத்துப் பிடித்து, சாய்த்தாலும் நழுவாமல் நிற்க வேண்டும். சில அலுமினியப் பாத்திரங்களின் அடியில் காந்த எஃகுத் தட்டைச் சிறியதாகப் பதித்திருப்பார்கள். அவற்றில் அந்தத் தட்டு இருக்குமிடம் மட்டுமே நேரடியாகச் சூடேறும்.

கண்ணாடிக்கு அடியிலுள்ள சுருளில், மின்னோட்டம் நொடிக்கு 20,000 தடவைக்கு மேல் திசை மாறுகிறது. அதனால் பாத்திரத்தின் அடியில் தூண்டப்படும் மின்னோட்டம், காந்த எஃகாக இருந்தால் மிக மெல்லிய மேற்பரப்புக்குள் நெருக்கப்பட்டு, மின்தடை கூடி, வெப்பமாக மாறுகிறது. அலுமினியத்திலும் செம்பிலும் அத்தகைய நெருக்கடி போதிய அளவு ஏற்படுவதில்லை. அலுமினிய குக்கரையும் அடியில் தனித்தட்டு இல்லாத 304 பாத்திரத்தையும் பெரும்பாலான வீட்டு அடுப்புகள் ஏற்காமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

புதிதாக வாங்குவதென்றால், உள்ளே 304, நடுவில் அலுமினியம், வெளியே 430 என்று மூன்று அடுக்காகச் செய்த ட்ரைப்ளை பாத்திரத்தைத்தான் நான் பரிந்துரைப்பேன். தட்டையான அடியுள்ள வார்ப்பிரும்புக் கல்லும் நன்றாகவே வேலை செய்யும். கண்ணாடியின்மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள், சூட்டைப் படிப்படியாகக் கூட்டுங்கள். காந்தம் ஒட்டினாலும், அடி மிகச் சிறியதாக இருந்தால் அடுப்பு அதை உணராது. குறைந்தபட்ச விட்டம் கையேட்டில் இருக்கும். இடையில் வைக்கும் இரும்புத் தட்டை வாங்கச் சொல்பவர்களும் இருப்பார்கள். அதில் வெப்பம் தட்டிலேயே தேங்கி, சமையல் மந்தமாகி, கண்ணாடியும் கடுமையாகச் சூடேறும் என்பதால், அன்றாடச் சமையலுக்கு அதை நம்பி இறங்காதீர்கள். எடுத்து வந்துவிட்ட எவர்சில்வரைப் பரிமாறவும் பொருள்களைச் சேமிக்கவும் வைத்துக்கொள்ளலாம். அவற்றிலேயே சமைக்க வேண்டுமென்றால், உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, எந்தப் பாத்திரத்தையும் ஏற்கும் தனி மின்னடுப்பு ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.