ஒளிந்துகொண்டே இருந்த குட்டியைப் பழக்கிய என் அனுபவம்

எங்கள் நாய் போட்ட குட்டிகளில் ஒன்று மட்டும் யார் வந்தாலும் தாயின் பின்னால் ஒளிந்துகொள்ளும், ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், உடம்பெல்லாம் நடுங்கும். இப்படியே வேறு வீட்டுக்கு அனுப்ப மனசே வரவில்லை.

சுமார் 3 வாரத்திலிருந்து 12, 14 வாரம் வரைதான் குட்டிகள் புதியவற்றை எளிதில் ஏற்கும், அதனால் தள்ளிப்போடாமல் இறங்கினேன். முதலில் அதைத் தூக்குவதை எல்லோரும் நிறுத்தினோம். உள்ளங்கையில் கொஞ்சம் தீனியோடு, அதைப் பார்க்காமல் தரையில் சும்மா உட்கார்ந்திருப்பேன். பின்னங்கால்கள் ஓடத் தயாராக இருக்க, கழுத்தை மட்டும் நீட்டி ஒரு நக்கு நக்கிவிட்டு ஓடும். ஓடட்டும், துரத்திப் பிடிக்கவே கூடாது. மெல்ல மெல்ல மடிவரை வந்தது.

சத்த பயத்துக்கு, சாப்பிடும்போது போனில் இடி, ஹாரன், குழந்தை அழுகை எல்லாவற்றையும் மிகக் குறைவாக வைத்தேன். காது பின்னால் மடங்கினால் உடனே இன்னும் குறைப்பேன். அப்புறம் குடை, தொப்பி, தாடி என்று விதவிதமான ஆட்கள். தடுப்பூசிகள் முடியாததால் வெளியே கையில் தூக்கிக்கொண்டுதான் காட்டினேன், பார்வோ என்ற, குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய வைரஸ் தொற்று மண்ணிலேயே இருக்கும்.

சீக்கிரம் கேட்டவர்களுக்கு, 8 வாரத்துக்கு முன் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கூடப்பிறந்தவை கத்தி விலகும்போதுதான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதே அதற்குப் புரியும், அதை நாம் பிறகு சொல்லிக்கொடுப்பது கஷ்டம். கொடுக்கும்போது அதே சத்தங்களையும் புது வீட்டுக்காரர்களுக்கு அனுப்பிவைத்தேன், அவர்களும் தொடர்ந்து போடுகிறார்கள்.