ஐஸ்லாந்து விடுதலையைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அடிக்கடி கண்ணில் படும் பிழை, ஐஸ்லாந்து 1944-இல் விடுதலை பெற்றது என்பது. அது குடியரசான ஆண்டு. டென்மார்க்கின் ஆட்சியில் இருந்த ஐஸ்லாந்துக்கு 1904-இலேயே தன்னாட்சி வந்துவிட்டது. 1918 டிசம்பர் 1 முதல் அது இறையாண்மை உள்ள நாடு. ஆனால் அப்போது டென்மார்க்குக்கும் அதற்கும் அரசர் ஒருவரே. 1944-இல் அறுந்தது அந்த உறவுதான்.

இதைவிடப் பெரிய பிழை, கவிஞர்கள் பாடினார்கள், மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று கதையை முடித்துவிடுவது. பழம்பெருமையைப் போற்றி எழுந்த ரொமான்டிக் தேசியவாதம் என்றாலே பலருக்கு அப்படித்தான் எழுத வருகிறது. 1835-இல் கோபன்ஹேகனில் ஃபியோல்னிர் இதழைத் தொடங்கிய கவிஞர் யோனாஸ் ஹல்கிரிம்சனும் நண்பர்களும் பழைய வீரயுகத்தைக் கொண்டாடினார்கள் என்பது சரி. 1800-இல் கலைக்கப்பட்ட அல்திங் என்ற நாடாளுமன்றம் திரும்ப வந்தால், 930-இல் அது முதலில் கூடிய திங்வெட்லிர் வெட்டவெளியிலேயே கூடவேண்டும் என்பது அவர்கள் ஆசை. விடுதலை இயக்கத்தின் தலைவர் யோன் சிகுர்ட்சன் ஒத்துக்கொள்ளவில்லை. ரெய்க்யவிக்கை ஒரு தலைநகராக வளர்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. கடைசியில் 1845-இல் மன்றம் கூடியது ரெய்க்யவிக்கில், ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில்!

யோனின் ஆயுதம் பழைய ஆவணம். 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தியர்கள் ஒப்பந்தம் செய்துகொண்டது நார்வே அரசருடன்தான் (அந்த முடி பின்னர் டேனிஷ் அரசருக்குப் போனது), டேனிஷ் மக்களுடன் அல்ல. ஆகவே அரசர் தன் முழு அதிகாரத்தைக் கைவிட்டால் அது ஐஸ்லாந்தியர்களிடமே திரும்ப வேண்டும் என்று 1848-இல் வாதிட்டார். கவிதையை விட வக்கீல் மூளைதான் இங்கே அதிகம் வேலை செய்தது. ஆனாலும் பலன் உடனே கிடைக்கவில்லை: ஐஸ்லாந்தின் ஆட்சிமுறையைப் பேசக் கூடிய 1851 மாநாட்டை டேனிஷ் அரசின் ஆளுநர் பாதியில் கலைத்தார், "நாங்கள் அனைவரும் எதிர்க்கிறோம்" என்ற குரல் எழுந்தது. அரசியல் சாசனம் வந்ததோ 1874-இல்.

டென்மார்க்கை வில்லனாக்கவும் வேண்டாம். 1816-இல் ஐஸ்லாந்து இலக்கியச் சங்கம் உருவாக முன்னின்றவர்களில் ஒருவர் டேனிஷ் மொழியறிஞர் ராஸ்முஸ் ராஸ்க்.

அப்புறம், ஊரே ஒன்றாக எழுந்தது என்று எழுதாதீர்கள். நிலமில்லாதவர் ஏதாவது ஒரு பண்ணை வீட்டில் வேலையாளாக இருந்தே தீரவேண்டும் என்பது அந்நாட்டின் அன்றைய சட்டம். அல்திங்கில் இருந்தவர்களோ பெரும்பாலும் விவசாயிகளும் அதிகாரிகளும். நாட்டுக்குச் சுதந்திரம் கேட்டவர்களில் பலர் தங்கள் பண்ணையாளுக்கு அதைக் கொடுக்கத் தயங்கினார்கள். 1894-இல்தான் அந்தக் கட்டு ஓரளவு தளர்ந்தது.