காப்பிக்கடைத் தேத்தூளால் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கலாம், வாங்க

கழிவுநீரில் கலந்த சாயத்தை எடுக்க ஆலைகளில் செயலூட்டப்பட்ட கரியை (நுண்துளைகள் நிறைந்த கரி) பயன்படுத்துவார்கள். நல்ல சரக்குதான், விலைதான் கூடுதல். காப்பிக்கடையில் வீசும் தேத்தூள் சக்கையும் அந்த வேலையை ஓரளவு செய்யும்.

புளோக்குக்குக் கீழே இருக்கும் காப்பிக்கடையில் ஒரு பை சக்கை கேளுங்கள். அங்கே தேநீரைத் துணிப்பையில் வடித்து, பாலைக் கோப்பையில்தான் சேர்ப்பார்கள். வீட்டில் பாலோடு கொதித்த சக்கை வேண்டாம், கொழுப்பு ஒட்டியிருக்கும்.

அடுத்து கழுவ வேண்டும். முதல் தடவை நான் இரண்டே அலசலோடு விட்டுவிட்டேன். நீலச் சாயத் தண்ணீர் தெளியாமல் பாசி நிறத்துக்கு மாறியது; தூள் தன் கறையையே கக்கியிருந்தது! இப்போதெல்லாம் கொதிநீர் ஊற்றி, 10 நிமிடம் விட்டு வடிக்கிறேன். வடிநீர் வெறும் தண்ணீராக வரும்வரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். எனக்கு எட்டு முறை ஆனது. நம்ம சிங்கப்பூர் ஈரக்காற்றில் சன்னலோரம் வைத்தால் பூஞ்சைதான் பூக்கும். ஓவனில் 100 டிகிரியில், விரலால் தேய்த்தால் மொறுமொறுவென்று உதிரும் வரை உலர்த்துங்கள்.

சாயத்துக்கு, வளர்ப்பு மீன் கடையில் விற்கும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், விரலில் பட்டால் லேசில் போகாது. அரை லிட்டர் தண்ணீரில் சில சொட்டு விட்டு, இரண்டு கண்ணாடிப் புட்டிகளில் சரிபாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு மேசைக்கரண்டி தூள். ஒரு மணி நேரம் அவ்வப்போது குலுக்கி, அப்படியே படியவிடுங்கள். காகிதத்தில் வடிகட்ட வேண்டாம். காகிதமும் சாயத்தைப் பிடிக்கும், எது பிடித்தது என்று தெரியாமல் போகும். இரண்டு புட்டிகளையும் வெள்ளைத் தாள் முன் வைத்துப் பாருங்கள்.

இந்தச் சாயத்துக்கு நேர் மின்னூட்டம், தூளின் மேற்பரப்புக்கு எதிர் மின்னூட்டம். அதனால் சாயம் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கிறது. இதுதான் பரப்புக் கவர்ச்சி. எலுமிச்சைச் சாறு பிழிந்தால் அமிலம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும், சாயம் குறைவாகவே ஒட்டும். கேக்குக்குப் போடும் நீல நிறத்துக்கோ தூளைப் போலவே எதிர் மின்னூட்டம், அதனால் சரியாக ஒட்டாது. சரி, அதைப் போட்டுவிட்டு "நிறம் போகலையே" என்று என்னிடம் கேட்காதீர்கள்.

தெளிந்த தண்ணீரைக் குடிக்கக் கூடாது. சிங்க்கில் ஊற்றினால் கழிவுநீர்க் குழாய் வழியே சுத்திகரிப்புக்குப் போய்விடும். வெளியே மழைநீர்க் கால்வாயில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், அது நீர்த்தேக்கத்துக்குப் போகிற வழி. நீலம் ஏறிய சக்கையைப் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.