விழித்த லிம்போசைட்டை பிளாஸ்ட் என்று எழுதாதீர்கள்

போன கிழமை, எங்கள் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்த தங்கச்சி மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையை எடுத்து, "அக்கா, மிஷினும் பிளாஸ்ட் என்று காட்டுது, எழுதட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. நானும் ஒருநாள் அப்படித்தான் எழுதினேன். பிளாஸ்ட் என்றால் லுகேமியாவில், அதாவது இரத்தப் புற்றுநோயில், தெரியும் முதிராத கலம். விழித்த லிம்போசைட் என்றால் கிருமியோடு போராடக் கிளம்பிய வெள்ளைக் கலம். லேபல் மாற்றி ஒட்டுவது போன்ற பிழைகளை யாரும் சொல்லித் தருவார்கள், அவற்றை விடுகிறேன்.

அவசரத்தில் எழுதும் 'பிளாஸ்ட்'

2017 மார்ச்சில் கிண்ணியாவில் டெங்கு வெடித்தபோது நான் தொழிலுக்குப் புதிது. காய்ச்சல் விட்டு இரண்டாம் நாள் ஒரு பிள்ளையின் இரத்தம் வந்தது. பிளேட்லெட் இன்னும் குறைவு, ஸ்லைட் முழுக்கப் பெரிய நீலக் கலங்கள். 'பிளாஸ்ட் இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். தாய் காப்பை அடகு வைத்து, 250 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு கொழும்புக்குப் போனார். அங்கே பார்த்தால், வைரஸோடு போராட விழித்தெழுந்த லிம்போசைட்தான் அது. அந்த ஒரு சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் கோபம் வரும்.

விழித்த லிம்போசைட் பக்கத்துச் செங்குழியத்தில் அழுந்தி அதன் வளைவுக்கு ஏற்ப வளைந்து கிடக்கும், ஓரம் கருநீலமாக இருக்கும், கருவைச் சுற்றியுள்ள சைட்டோபிளாசம் தாராளம், கருவில் குரோமாட்டின் (கருவை நிரப்பும் மரபுப்பொருள்) கட்டி கட்டியாகத் தெரியும். பிளாஸ்டில் குரோமாட்டின் மெல்லியது, சைட்டோபிளாசம் கொஞ்சம்தான். பிளாஸ்டில் போலவே சில விழித்த கலங்களிலும் கருவுக்குள் நியூக்கிளியோலஸ் என்ற சிறு புள்ளி தெரியும் என்பதால் ஒரு கலத்தைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது, ஸ்லைட் முழுக்க ஓடிப் பாருங்கள்: வைரஸ் காய்ச்சலில் சிறிதும் பெரிதுமாகப் பல உருவங்கள் இருக்கும், லுகேமியாவில் பெரும்பாலும் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். சந்தேகம் தீரவில்லையா, அன்றைக்கே ஹீமட்டோலஜிஸ்டிடம் (இரத்தநோய் மருத்துவரிடம்) காட்டுங்கள். மிஷின் போடும் எச்சரிக்கை, ஸ்லைடைப் பார் என்று நமக்குச் சொல்வது. அதை ரிப்போர்ட்டில் ஏற்றாதீர்கள்.

பழைய இரத்தம்

இரத்தம் உறையாமல் வைக்கும் ஈடிடிஏ டியூப்பில் மணிக்கணக்காகக் கிடந்தால் நல்ல கலமும் உப்பி, குழி விழுந்து, கரு கோணலாகி நோய்க்கலம் போலத் தெரியும், எங்கள் வெயிலில் இன்னும் சீக்கிரம். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஸ்லைட் போடுங்கள். தூரத்திலிருந்து வந்த டியூப் என்றால் முதலில் இரத்தம் எடுத்த நேரத்தைக் கேளுங்கள்.

ஈர ஸ்லைட்

இரத்தம் பூசிய ஸ்லைடை மாரியில் தானாகக் காயட்டும் என்று விடாதீர்கள். ஃபேன் முன்னால் பிடியுங்கள்.

சிடி4 எண்ணிக்கை

சிடி4 என்ற வகை லிம்போசைட் எத்தனை என்று சொல்லும், அது விழித்திருக்கிறதா என்று சொல்லாது. அதற்குக் கலத்தின் மேலுள்ள எச்எல்ஏ-டிஆர், சிடி38 என்ற அடையாளங்களைப் பார்க்க வேண்டும்.