கேட்டது வேறு, புரிந்தது வேறு: பயிற்சிக் களத்தில் கட்டளை பிசகாமல் இருக்க

கேட்டவர் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை கட்டளை போய்ச் சேரவில்லை என்றே கொள்ளுங்கள். வயர்லெஸ்ஸில் ‘ரோஜர்’ என்று பதில் வந்தால், நீங்கள் பேசியது முழுவதும் காதில் விழுந்தது என்று மட்டுமே பொருள். ‘வில்கோ’ என்றால் அதன்படி செய்கிறேன் என்பதும் சேரும். எதைப் புரிந்துகொண்டு செய்யப் போகிறார் என்பது இரண்டிலும் தெரியாது. அதனால் நேரம், திசை, இடம், சுடுவது ஆகியவற்றில் எது வந்தாலும் திருப்பிச் சொல்ல வையுங்கள். தப்பாகச் சொன்னால் அந்த ஒரு சொல்லை மட்டும் திருத்தாமல், கட்டளை முழுவதையும் மறுபடி சொல்லுங்கள்.

வயர்லெஸ் செட்டின் பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசுங்கள். பேசி முடித்ததும் சட்டென்று விரலை எடுக்காதீர்கள். கடைசி அசை வெட்டுப்படும். தமிழில் பேசும்போது இது பெரிய ஆபத்து, ஏனென்றால் நம் மொழியில் மறுப்பு கடைசியில்தான் வருகிறது. ‘முன்னேற வேண்டாம்’ என்பதில் வால் அறுந்தால் காதில் நிற்பது ‘முன்னேற’ மட்டும். ஆகவே தடுக்க வேண்டியதை மறுப்பாகச் சொல்லாதீர்கள். ‘நில்’, ‘அங்கேயே இரு’ என்பவை போதும்.

எண்களை ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லுங்கள். அறுபது, எழுபது, எண்பது மூன்றும் இரைச்சலில் ஒன்றுபோலக் கேட்கும். ‘ஆறு, பூஜ்யம்’ அப்படிக் குழம்பாது. ஆங்கிலத்தில் ஃபைவும் நைனும் குழம்பும் என்பதால்தான் ஒன்பதை ‘நைனர்’ என்கிறார்கள். அலகையும் விடாதீர்கள். முழு வட்டம் 360 டிகிரி. படைகளில் கோணத்தை அளக்கும் ‘மில்’ என்ற அலகில் அதுவே 6400. வெறுமனே ‘160’ என்று சொன்னால், டிகிரியாக எடுத்துக்கொண்டவர் ஏறக்குறையத் தெற்கே போவார். மில்லாக எடுத்துக்கொண்டவருக்கு அது 9 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட வடக்கு.

மறுபடி சொல்லச் சொல்லும்போது ‘ரிப்பீட்’ என்ற சொல் வேண்டவே வேண்டாம். பீரங்கிப் படையில் அதற்கு, அதே இலக்கை மறுபடி சுடு என்று பொருள். ‘சே அகைன்’ என்று கேளுங்கள். ‘சரி’ என்பதும் தொல்லைதான்: கேட்டது, சம்மதம், நீ சொன்னது சரி என்று மூன்று பொருள் அதற்கு.

திருப்பிச் சொல்லும் விதிக்கு விலக்கு ஒன்றே ஒன்று: ‘சீஸ் ஃபயர்’, அதாவது சுடுவதை நிறுத்து. பயிற்சிக்குப் புதிதாக வந்தவர் கத்தினாலும், யார் சொன்னது என்று பார்க்காமல் அந்த நொடியே நிறுத்த வேண்டும். நிஜமாகவே ஒருவர் அடிபட்டால் அதைப் பயிற்சியின் பாகம் என்று நினைத்துவிடாதபடி தனிச்சொல்லும் தேவை. பிரிட்டிஷ் படையில் ‘நோ டஃப்’ என்பார்கள். உங்கள் சொல் எதுவாயினும், தொடங்குமுன் எல்லாரையும் உரக்கச் சொல்ல வையுங்கள்.

அதிகம் பிசகுவது, நடுவில் திட்டம் மாறும்போது. 1944 ஏப்ரல் 27 அன்று இங்கிலாந்தின் ஸ்லாப்டன் கடற்கரையில் நடந்த அமெரிக்கப் படையின் ‘டைகர்’ பயிற்சியில் தரையிறங்கும் நேரம் ஒரு மணி தள்ளிப்போனது. சில படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. பழைய நேரத்துக்கே கரையேறியவர்கள் தங்கள் தரப்பின் நிஜக் குண்டுகளுக்கு நடுவே சிக்கினார்கள். மறுநாள் அதிகாலை ஜெர்மன் படகுகள் தாக்கியபோது, ஆணைத்தாளில் இருந்த எழுத்துப்பிழையால் துருப்புக் கப்பல்கள் பிரிட்டிஷ் கடற்படையின் அலைவரிசையில் இல்லாமல் வேறொன்றில் இருந்தன. அந்தத் தாக்குதலில் 700-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள்.

ஆகவே கிளம்புமுன் ஆணைத்தாளில் உள்ள அலைவரிசையை வைத்தே ஒவ்வொரு செட்டையும் பேசிச் சோதியுங்கள். நேரம் மாறினால் அழைப்புப் பெயர் வரிசையில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, புதிய நேரத்தைச் சொல்ல வைத்து, தாளில் டிக் போடுங்கள். ஒரு செட்டிலிருந்து பதில் வராவிட்டாலும் சுடுவதைத் தொடங்காதீர்கள். ஆள் அனுப்பி நேரில் சொல்லுங்கள்.